பட்டாளத்தம்மன்

எங்கள் வீட்டு அம்மன் யாருக்கும் ஒருதரம்கூடச் சரி என்று சொன்னதில்லை.

அப்பா மறுபடியும் பட்டாளத்தில் சேரலாமா என்று கேட்டபோது இல்லை என்றாள். ஸ்ரீராம்புரத்தை விட்டு சந்தாபுராவில் சித்தப்பா வீட்டுப் பக்கம் குடிபோகலாமா என்று கேட்டபோது இல்லை என்றாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த என்னைக் காலேஜுக்கு அனுப்பலாமா என்று கேட்டபோது, வைத்த கையை எடுப்பதற்குள் பூ வழுக்கி விழுந்துவிட்டது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஜெயா அக்காவைக் கிருஷ்ணப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கும் இல்லை என்றாளே, அன்றைக்குத்தான் அவளை வெறுக்க ஆரம்பித்தேன்.

அம்மன் என்றால் முழு உருவம் இல்லை. தலை மட்டும்தான். பெரிய தேங்காய் அளவுக்கு, வெள்ளைக் கல்லில் ஒரு பெண்ணின் முகம். நடுவகிடு எடுத்து அலையலையாக வாரிய தலைமுடி. மூக்கு நுனி உடைந்திருக்கும். அந்த இடத்தில் அப்பாவின் அக்கா லட்சுமம்மா அத்தை மஞ்சளைக் குழைத்து அப்பி, அதில் ஒரு மூக்குத்தியைப் பதித்திருந்தாள். கழுத்துக்குக் கீழே சிமெண்ட் மேடை. மேடையைச் சுற்றி மஞ்சள் பாவாடை. எங்கள் சந்தில் எல்லோரும் அவளைப் பட்டாளத்தம்மன் என்றார்கள். அப்பா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தவள் என்பதால் அந்தப் பெயர்.

வெள்ளிக்கிழமைகளில் சந்துப் பெண்கள் வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார்கள். பூக் கேட்பது மட்டும் எங்கள் வீட்டுக்காரர்களுக்குத்தான். அத்தை குளித்து ஈரப்புடவையோடு வந்து, தண்ணீரில் நனைத்த ஒற்றைச் செவ்வந்தியை அம்மனின் வகிட்டில் ஒட்டி வைப்பாள். கேள்வியைச் சத்தமாகச் சொல்வாள். பிறகு எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்போம். அம்மனின் வலப்பக்கம் பூ விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் இல்லை. இந்த ஊரில் எத்தனையோ கோயில்களில் இப்படித்தான் கேட்கிறார்கள்.

எங்கள் அம்மனின் தலை ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். யாரோ காதோரம் சொல்வதைக் கேட்பதுபோல இருக்கும். "பாரு, எப்படிக் காது குடுத்துக் கேக்கறா பாரு! எந்தக் கோயில் அம்மன் இப்படிக் கேப்பா?" என்று அத்தை உருகுவாள். எப்போதும் இல்லை என்று சொல்வதுகூட அத்தைக்குப் பெருமைதான். "கண்டிப்பானவ. லேசில சம்மதிக்க மாட்டா."

அவள் எங்கிருந்து வந்தாள் என்பதை அப்பா மழை நாட்களில் சொல்வார். அப்பா முனிராஜ் யுத்தத்தில் ஸாப்பராக இருந்தவர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, எதிரி புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளைத் தோண்டி எடுப்பது எல்லாம் ஸாப்பர்களின் வேலை. லிபியாவில் கடலுக்கு மேலே ஒரு மலை. அந்த மலைமேல் இடிந்து கிடந்த ஓர் ஊர், சைரீன்.

"ரெண்டாயிரம் வருஷத்து ஊரு. மொதல்ல கிரேக்கருங்க கட்டினது. அப்புறம் ரோமானியருங்க வந்து இன்னும் பெருசாக் கட்டினாங்க. ஜெர்மன்காரன் ஓடிட்டான், நம்ம பட்டாளம் இன்னும் உள்ள வரலை. நடுவுல அந்த ஊருக்குள்ள மொதல்ல கால் வெச்சது யாரு? கர்னலா? ஜெனரலா? நானும் ஆம்ப்ரோஸும்!"

கால் வைத்தார் என்பதுகூடச் சரியில்லை. முழங்கால் வைத்தார். துப்பாக்கிக் கத்தியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்த்து, வெடி இல்லை என்று தெரிந்தபின் ஒரு முழம் நகர்ந்து, பின்னால் வருகிறவர்களுக்கு வழிகாட்ட வெள்ளை நாடாவை விட்டுக்கொண்டே போக வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் அந்த ஊரை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். அப்பா அதைத் தவழ்ந்து பார்த்தார். அதனால்தான் அவருடைய ஊரில் கோபுரங்களைவிடத் தரைதான் அதிகம். கல் பாவிய தெருவில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த பள்ளம். அந்தப் பள்ளத்தில் தேங்கிய மழைத் தண்ணீர். வெட்டிப் போட்ட வாழைத்தண்டு மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கும் தூண்கள். குகைக்குள்ளிருந்து ஓடிவந்து பளிங்குத் தொட்டியில் விழும் ஊற்று. நம்ம ஊர் மண்ணைப் போலவே சிவந்த மண். கூத்துப் பார்ப்பதற்காக மலைச் சரிவில் படிப்படியாக வெட்டிய அரைவட்டம். அதில் கடைசிப் படியில் உட்கார்ந்தால் கடல் தெரியும். அங்கே அப்பாவும் அவரோடு ஸாப்பராக இருந்த ஆம்ப்ரோஸ் மாமாவும் டப்பா மீனைத் திறந்து சாப்பிட்டார்கள். மாமா மேடையில் நின்று ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனை பாட, அப்பா தனி ஆளாகக் கைதட்டினாராம்.

கதையின் முடிவு எப்போதும் ஒன்றுதான். ஊருக்கு வெளியே கல்லறைத் தெருவில் அப்பா நகர்ந்துகொண்டிருந்தார். அடுத்த முழம் கை வைக்க வேண்டிய இடத்தில், சேற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் முகம் அவரையே பார்த்தது. அப்பா கையை இழுத்துக்கொண்டார். முகத்துக்கு அந்தப் பக்கம் கண்ணிவெடி இருந்தது. "அவ தடுக்கலைன்னா நான் இல்ல. நீங்களும் இல்ல."

எனக்கு அந்த ஊர் மனப்பாடம். வாடகை நூலகத்தில் கிடைத்த மொழிபெயர்ப்பு நாவல்களில் எந்த நாட்டுக் கதையைப் படித்தாலும், தெருக்களும் படிக்கட்டுகளும் அப்பாவின் சைரீனிலிருந்துதான் வந்தன. மில் சங்கு ஊதி, குழாயடியில் குடங்கள் மோதிக்கொள்ளும் நேரத்தில்கூட நான் அந்தத் தூண்களுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பேன். அந்த ஊரைக் கொடுத்ததற்காக அப்பாவை எவ்வளவு வேண்டுமானாலும் மன்னிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில் கிருஷ்ணப்பாவின் அம்மா புட்டம்மா மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

கிருஷ்ணப்பா தந்தி இலாகாவில் லைன்மேன். எங்கள் சந்து முனையில் கம்பத்தின்மேல் உட்கார்ந்து வேலை செய்தபோது கீழே போன அக்காவைப் பார்த்தவர். வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ். நாலு வருஷத்துக்கு முன்னால் முறையாகத்தான் பெண் கேட்டார்கள். அம்மன் இல்லை என்றாள். அவர் அதன்பிறகு வேறு பெண்ணையே பார்க்கவில்லை. அக்காவையும் வேறு யாரும் கேட்டு வரவில்லை. அம்மனே வேண்டாம் என்று சொன்ன பெண் என்று சந்தெல்லாம் தெரிந்துவிட்டதே. ஊதுபத்தி உருட்டும் கொட்டகையில் கரித்தூளைப் பிசைந்தபடியே அக்காவுக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது.

"இந்த வாட்டி நானே வந்து கூட நின்னு கேக்கறேன்," என்றாள் புட்டம்மா. "என் மகன் ஹடம் புடிக்கறான். இந்தப் பொண்ணு இல்லேன்னா யாரும் பேடாவாம், வேணாமாம்."

வெள்ளிக்கிழமை பூக் கேட்பது என்று அத்தை முடிவு செய்தாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அன்றிரவு ஒரு கவளம்கூடச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. காதோரம் நரைத்த, தொப்பை விழுந்த ஒருவர் கால்சட்டைக் கிளிப்பைக் கழற்றியபடி நின்றார்.

"உங்கப்பன் எங்க? இன்னும் சாக்கடை அளந்துக்கிட்டிருக்கானா?"

அப்பா முனிசிபாலிடி வேலைகளில் சாக்கடை மேஸ்திரி. வந்தவர் ஆம்ப்ரோஸ் மாமா. லிங்கராஜபுரத்தில் மரச்சாமான் கடை வைத்திருந்தார். மகள் மௌரீனின் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார். நான் அவரைச் சின்ன வயதில் பார்த்தது. யுத்தம் முடிந்து வந்தபின் அப்பா அவரை வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லை. ஏன் என்று யாரும் யோசித்ததில்லை.

நான் தண்ணீர் கொண்டுவரும்போது அவர் அம்மன் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"கர்த்தரே! இது நம்ம சைரீன் பொண்ணில்ல? மஞ்ச பூசி, மூக்குத்தி போட்டு… அடப்பாவி முனிராஜு, மதமே மாத்திட்டியேடா!"

"மாமா, அது அம்மன். அப்பா உயிரைக் காப்பாத்தின அம்மன்," என்றேன். எனக்கே அவளைப் பிடிக்காது. ஆனாலும் வெளியாள் சிரித்தால் சும்மா இருக்க முடியுமா?

"உயிரையா?"

"சேத்துக்குள்ள கிடந்து, கண்ணிவெடிக்கு முன்னால அப்பாவைத் தடுத்தவ."

மாமா தண்ணீரைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, என்னை ஒருமாதிரி பார்த்தார். "அப்படியா சொல்லியிருக்கான்? அந்தப் பக்கம் வெடியே கிடையாது, பாப்பா. டூட்டி முடிஞ்சு, நாடாவெல்லாம் சுருட்டி வெச்சுட்டு, சும்மா சுத்திப் பாக்கப் போனோம். மலையைக் குடைஞ்சு கல்லறைங்க. லைன் வீடு மாதிரி வரிசையா வாசல். ஒரு வாசலுக்கு மேல மாடத்துல இவ இருந்தா. தோள் வரைக்கும் சிலை. கீழ ஏதோ எழுத்து வெட்டியிருந்துச்சு. செத்துப்போன பொண்ணோட பேரா இருக்கும்."

"மாடத்துல இருந்தாளா? சேத்துல இல்லையா?"

"இருந்தா. உங்கப்பன் உளி எடுத்தான். எதுக்குடான்னேன். ஊர்ல என் பொண்ணுங்களுக்குக் காட்டணும்னான். நான் யாராவது வர்றாங்களான்னு பாத்துக்கிட்டு நின்னேன். நிதானமாத்தான் செதுக்கினான், கைவேலைக்காரனாச்சே. நடுவுல எங்களைக் கூட்டிட்டுப் போக வந்த லாரிக்காரன் ஹாரன் அடிச்சுட்டான். பதறிப்போய் ஒரே போடு. கழுத்து சாய்வா உடைஞ்சு வந்துடுச்சு." மாமா தன் கழுத்தில் கையைக் குறுக்காக வைத்துக் காட்டினார். "அதான் இப்படி ஒரு பக்கமா சாஞ்சு நிக்கறா, பாவம். பேரு அங்க, தலை இங்க."

அவர் போனபிறகு கதவைச் சாத்தினேன். அம்மா குழாயடியில் இருந்தாள், அத்தை கோயிலில். தொட்டியிலிருந்த செவ்வந்தி ஒன்றை நனைத்து அம்மனின் வகிட்டில் வைத்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. இடப்பக்கம் விழுந்தது. மறுபடி வைத்தேன். இடப்பக்கம். இன்னும் கொஞ்சம் வலப்பக்கமாகத் தள்ளி வைத்தேன். பூ தயங்கி, ஊர்ந்து, வகிட்டைத் தாண்டி இடப்பக்கம் விழுந்தது.

நாங்கள் கேட்டதை அவள் ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அவ்வளவுதான். அதனால் நான் காலேஜுக்குப் போகவில்லை. அதனால் அக்கா கரி பிசைகிறாள்.

அந்தத் தலையைத் தூக்கித் தெருவில் எறியலாம் என்று இரண்டு கையாலும் பிடித்தேன். சிமெண்ட் விடவில்லை. கைகளுக்கு நடுவே இருந்த முகம் ரொம்பச் சின்னது. என்னைவிடச் சின்னப் பெண்ணின் முகம். யாரோ ஓர் அப்பா தன் மகளின் கல்லறைமேல் வைத்த முகம். என் அப்பா அதை வெட்டியெடுத்துத் தன் மகள்களுக்கு விளையாட்டுக் காட்டக் கொண்டுவந்திருக்கிறார். கையை எடுத்துவிட்டேன். அவள்மேல் இருந்த கோபம் இப்போது இடம் மாறிவிட்டது.

சாயங்காலம் அக்கா கொட்டகையிலிருந்து வந்ததும் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் கரி காய்ந்திருந்தது. தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஒண்ணும் கவலைப்படாதே அக்கா. காலையில அத்தை குளிக்கப் போறப்ப நான் பாவாடைக்குள்ள கையை விட்டு, தலைக்கு ஒரு பக்கம் ஆப்பு அடிச்சு நிமித்திடறேன். இல்லேன்னா கேள்வியைத் திருப்பிப் போடலாம். கிருஷ்ணப்பாவை வேணாம்னு சொல்லிடலாமான்னு அத்தையைக் கேக்க வெச்சா, இல்லைன்னு விழும். சரியாப் போச்சு!"

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"நாலு வருஷமா நான் என்ன நினைச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா ஜானு? நான் ஏதோ பாவம் பண்ணியிருக்கேன், அம்மனுக்கு மட்டும் அது தெரிஞ்சிருக்குன்னு நினைச்சேன். சின்ன வயசுல பண்ணினதெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து எடுத்துப் பாத்தேன். எது அந்தப் பாவம்னு." அவள் குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அப்பாவுக்குத் தெரியுமா, சாஞ்சிருக்குன்னு?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் பார்த்தோம். வேலை முடிந்து வந்த அப்பாவின் பெட்டி மூலையில் இருந்தது. கரண்டி, ரசமட்டம், நூலில் தொங்கவிட்டுச் சுவர் நேரா என்று பார்க்கும் பித்தளைத் தூக்குக்குண்டு. அரை விரல் சாய்வு தப்பினால் சாக்கடையையே இடித்துக் கட்டச் சொல்லும் மேஸ்திரியின் பெட்டி.

"ஆப்பு வேணாம். கேள்வியையும் திருப்ப வேணாம்," என்றாள் அக்கா. "நாளைக்குக் கேக்கட்டும்."

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. சந்துப் பெண்கள் வாசல் வரை நின்றார்கள். புட்டம்மா மல்லிகையும் வெற்றிலைத் தட்டுமாக முன்னால் உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணப்பா தெருவில் கம்பத்தில் சாய்ந்து நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கைகட்டி நின்றார். அத்தை பூவை ஒட்டினாள்.

"தாயே, ஜெயலக்ஷ்மியை இந்த வீட்டுக்குக் குடுக்கலாமா? ஒரு வார்த்தை சொல்லு."

பூ இடப்பக்கம் விழுந்தது.

"த்சொ," என்றது கூட்டம். புட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்தாள். "ஆயித்து, அவ்வளவுதான்," என்று முனகியபடி வாசலுக்குப் போனாள். அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அவர் முகத்தில் வருத்தமே இல்லை. பாரம் இறங்கிய முகம்.

நான் மூலைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து தூக்குக்குண்டை எடுத்தேன்.

"ஏய், என்னடி அது? பூஜை இடத்துல!" என்றாள் அத்தை.

நூலை அம்மனின் வகிட்டில் வைத்து விரலால் அழுத்திக் குண்டைத் தொங்கவிட்டேன். அது ஆடியது. பிறகு நின்றது. நெற்றி நடுவிலிருந்து இறங்கிய நூல் மூக்கைத் தொடவில்லை. இடது கண்மேல் இறங்கி, இடது கன்னத்தைத் தாண்டி, முகவாய்க்கு அப்பால் தொங்கியது. மூக்குத்தி இந்தப் பக்கம், நூல் அந்தப் பக்கம். கூடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டு ஆண்கள் கொத்து வேலைக்குப் போகிறவர்கள். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தலை சாஞ்சிருக்கு," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"அவ காது குடுத்துக் கேக்கறாடி!" அத்தை கத்தினாள்.

"அவ ஒண்ணும் கேக்கலை அத்தை. அப்பா கழுத்தைக் கோணலா வெட்டிட்டார். சேத்துல கிடைச்சவ இல்ல இவ. யாரோ ஒரு பொண்ணோட கல்லறையில இருந்து உளியால உடைச்சு எடுத்தது. ஆம்ப்ரோஸ் மாமா நேத்து வந்து சொன்னார்."

அப்பா என்னை அறைந்தார். கன்னம் எரிந்தது. ஆனால் அறைந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

"அடிங்க," என்றேன். "சாக்கடையில அரை விரல் கோணினா ஆளுங்களை என்னா திட்டு திட்டறீங்க! இது தெரியலையா உங்களுக்கு? உங்க கையால சிமெண்ட் வெச்சீங்களே!"

அம்மா முதன்முறையாக வாயைத் திறந்தாள். "சொல்லுங்க. தெரியுமா, தெரியாதா?"

அப்பா சுவரில் சாய்ந்தார். "தெரியும்," என்றார். "வெச்ச அன்னிக்கே தெரியும். அப்புறமா முட்டுக் குடுத்து நிமித்திக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எங்கக்கா லட்சுமம்மா பூ வெச்சுட்டா. மறுபடி பட்டாளத்துக்குப் போகலாமான்னு. எல்லாரும் போ போன்னீங்க. எனக்கு இன்னொரு தரம் அந்த மண்ணைக் குத்திக்கிட்டு நகர முடியாது. வாயைத் திறந்து சொன்னா பயந்தாங்கொள்ளிம்பீங்க. பூ விழுந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லலை." அவர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கப்புறம் நிமித்த மனசு வரலை."

அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். அவருக்கு வேண்டாததற்கு அவள் இல்லை என்று சொன்னாள், சரி. எனக்கு வேண்டியதற்கும் அவளைத்தானே அப்படிச் சொல்ல வைத்தார்? எனக்கு இரக்கம் வரவில்லை.

ஜெயா அக்கா எழுந்து வந்தாள். புதுப்புடவை கட்டியிருந்தாள், நகக்கண்ணில் மட்டும் கரி.

"அப்பா, கல்லை விடுங்க. இப்ப நீங்க சொல்லுங்க. கிருஷ்ணப்பாவுக்கு என்னைக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

அப்பாவின் கண் தானாக அம்மன் பக்கம் போனது. அக்கா நடுவில் வந்து நின்று மறைத்தாள்.

"அங்க பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"வேணாம்மா," என்றார் அப்பா.

"ஏன்?"

"வேற ஜாதி. வேற பாஷை. உன் சித்தப்பா வாசப்படி மிதிக்க மாட்டான். நாலு பேரு என்னைக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"இதானா?" என்றாள் அக்கா. "இதுதானா? இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அன்னிக்கே பதில் சொல்லியிருப்பேனே! சண்டை போட்டிருப்பேன். பட்டினி கிடந்திருப்பேன். கல்லோட எப்படிப்பா சண்டை போடறது?" கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்து கத்தலாக வந்தது. நாலு வருஷத்தில் அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்துப் பெண்கள் பின்வாங்கினார்கள்.

அவள் கீழே கிடந்த செவ்வந்தியை எடுத்தாள். தலையில் வைத்துக்கொள்வாளோ என்று பார்த்தேன். ஜன்னல் வழியே சாக்கடையில் எறிந்தாள். பிறகு, ஒரு காலில் செருப்பை மாட்டியபடியே வாசலில் நின்றுவிட்ட புட்டம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்கம்மா. எங்கப்பா இன்னைக்குத்தான் வாயைத் திறந்திருக்கார். உக்காந்து பேசுங்க."

புட்டம்மா உள்ளே வந்தாள். வெற்றிலைத் தட்டைத் தரையில் டங்கென்று வைத்து அப்பாவுக்கு நேர் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் மேஸ்திரி, எங்க பாஷை பேசறவங்க வீட்டுச் சாக்கடையெல்லாம் நீங்க கட்டறதில்லையா? அதுல தண்ணி ஜாதி, பாஷை பாத்தா ஓடுது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பா உட்கார்ந்தார். உட்காராமல் வேறு என்ன செய்வது? அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு தீபாவளி தாண்டியும் முடியவில்லை. ஒருநாள் சரி என்பார், மறுநாள் சித்தப்பா வந்து போனபின் இல்லை என்பார். ஒவ்வொரு தடவையும் அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றாள். ஒவ்வொரு தடவையும் அவர் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அதில் அவர் இளைத்துப்போனார். தை மாதம் கிருஷ்ணப்பா வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. சித்தப்பா வரவில்லை. ஆம்ப்ரோஸ் மாமா மௌரீனையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா பந்தல் காலைப் பிடித்தபடி நின்றார். அது நேராக நடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

என் காலேஜ் திரும்பி வரவில்லை. அதற்கு வயதும் இடமும் போய்விட்டன. அதை யாரிடம் போய்க் கேட்பது?

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் அப்பா சிமெண்டை உடைத்துத் தலையை எடுத்தார். அத்தை மூன்று நாள் அவரோடு பேசவில்லை. மஞ்சளைக் கழுவியதும் மூக்கு மறுபடியும் உடைந்த மூக்காகிவிட்டது. சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். சைரீன் கதையை அதன்பிறகு அவர் சொல்வதில்லை.

ஆனால் நான் அங்கே போகாமல் இருக்க முடியவில்லை. புத்தகத்தில் எந்தப் பழைய ஊர் வந்தாலும் தூண்களையும் ஊற்றையும் தாண்டிக் கால் அந்தக் கல்லறைத் தெருவுக்குத்தான் போகிறது. லைன் வீடு மாதிரி வரிசையாக வாசல்கள். ஒன்றின் மேலே மாடத்தில் தோள் மட்டும் இருக்கிறது. கழுத்து சாய்வாக வெட்டுப்பட்டிருக்கிறது. கீழே எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு பெயர். முன்பெல்லாம் அந்த ஊரில் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இப்போது மாடத்துக்குக் கீழே போய் நின்றதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

போன வாரம் கட்டிலுக்குக் கீழே பெருக்கும்போது துடைப்பம் சாக்கில் இடித்தது. அப்பா கட்டில்மேல் படுத்திருந்தார்.

"இதைத் திருப்பி அனுப்பணும்," என்றேன்.

"எந்த விலாசத்துக்கு?" என்றார் கண்ணைத் திறக்காமல். "ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. அவளைத் திருப்பிக் குடுன்னு கேக்க அங்க யாரு இருக்கா?"

"நான் கேக்கறேன்," என்றேன்.